பைக் ரோட்சைடு கிட்: திரி தேறியது, பம்ப் பாதிதான், மீட்டர்தான் அசல் சரக்கு

ரோட்டோரத்தில் டியூப்லெஸ் டயர் பஞ்சரை நாமே அடைக்கும் இந்தக் கிட்டைப் பல பெயரில், பல நிறப் பையில் விற்றாலும் உள்ளே இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். டி வடிவக் கைப்பிடி போட்ட முறுக்கு அரம், அதே மாதிரிக் கைப்பிடியில் கண் பிளந்த ஊசி, பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய ரப்பர் திரிகள், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சொல்யூஷன் டியூப், பிளேடு, வால்வு பின் (வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ஊசி) கழற்றும் சாவி, 12 வோல்ட் காற்று பம்ப், அதற்கு லைட்டர் சாக்கெட் பின்னும் முதலைக் கிளிப்பும், ஓரத்தில் உள்ளங்கை அளவு மல்டிமீட்டர். சில பைகளில் மீட்டருக்குப் பதில் டெஸ்ட் லைட் வரும். அதை எடுத்தால் இந்த விமர்சனத்தில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

பஞ்சரை அடைப்பது இந்தப் பையில் இருக்கும் வேலைகளிலேயே சுலபமானது. அடைத்த பிறகு 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்று ஏற்ற வேண்டும், அந்தக் காற்றுக்கான கரண்டை பைக்கின் பேட்டரி கொடுக்க வேண்டும். பம்ப் ஓடி முடிக்கும்போது பேட்டரி இறங்கி செல்ஃப் எடுக்காமல் போனால், அடைத்த டயரோடு ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். அதனால் இந்தக் கிட்டை எடைபோடும்போது உங்கள் பைக்கின் கரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அட்டைப் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது.

யாருக்கு ஆகாது

டியூப் போட்ட சக்கரத்துக்கு இந்த ஊசியும் திரியும் உதவாது. டயரின் பக்கத்தில் 'டியூப்லெஸ்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. ஸ்போக் ரிம்மில் டியூப்லெஸ் டயரை மாட்டி உள்ளே டியூப் போட்டு ஓட்டுவது சகஜம். பார்க்க வேண்டியது ரிம்மை. ஸ்போக்கின் நிப்பிள்கள் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருந்தால் அந்தத் துளைகள் வழியே காற்று கசியும், ஆகவே உள்ளே டியூப் இருக்கும். ஸ்போக்குகள் ரிம்மின் இரு விளிம்பிலும் போய்ப் பிடித்திருந்தால் அது டியூப்லெஸ் ரிம். அலாய் வீலில் பெரும்பாலும் இந்தக் குழப்பமே இல்லை.

டியூப் வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது வேறு பை: இரண்டு மூன்று டயர் லிவர், ஒரு ஸ்பேர் டியூப், பேட்ச், அச்சுக்கான ஸ்பேனர். பம்பும் மீட்டரும் மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

அரமும் ஊசியும்

கைப்பிடிதான் முதலில் போகும் இடம். மலிவான கிட்டில் கைப்பிடி பிளாஸ்டிக், அதற்குள் இரும்புத் தண்டை வெறுமனே சொருகியிருப்பார்கள். பின்சக்கர டயரின் நடுப்பகுதி தடிமனானது, உள்ளே நைலான் அல்லது இரும்புக் கம்பி அடுக்குகள் வேறு. அதில் அரத்தை அழுத்தி முறுக்கும்போது தண்டு அசையாமல் நிற்கும், கைப்பிடி மட்டும் சுற்றும். அதற்கு மேல் அழுத்தினால் கைப்பிடி வெடித்து, தண்டின் பின்முனை உள்ளங்கையில் ஏறும். வாங்கும் முன் தண்டை இடுக்கியில் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முறுக்கிப் பாருங்கள். துளி அசைந்தாலும் வேண்டாம். தண்டும் கைப்பிடியும் ஒரே இரும்பாக வெல்டு வைத்தது, அல்லது கைப்பிடிக்குள் தண்டை வளைத்து வார்த்தது மட்டுமே தேறும். எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ஊசியின் கண்ணையும் பாருங்கள். முனையில் ஒரு மெல்லிய பிளவு இருக்க வேண்டும். திரியை உள்ளே தள்ளிவிட்டு ஊசியை வெளியே இழுக்கும்போது அந்தப் பிளவு வழியாகத்தான் திரி நழுவி டயருக்குள் தங்கும். பிளவின் ஓரம் பிசிறாக இருந்தால் திரியை அறுத்துவிடும், அல்லது திரியையும் சேர்த்து வெளியே இழுத்து வந்துவிடும். நைஸ் எமரித் தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடுகிற குறைதான், ஆனால் அதை வீட்டிலேயே செய்திருக்க வேண்டும்.

திரிகள்தான் இந்தக் கிட்டில் குறை சொல்ல முடியாத சாமான். சுமார் 10 செ.மீ. நீளம், ரப்பர் ஊறிய நார். தொட்டால் விரலில் பிசுபிசுக்க வேண்டும். காய்ந்து, வளைத்தால் வெடிக்கிற திரி ஒட்டாது. வாங்கியவுடன் தாளோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி எடுத்துவிட்டு மூடி வைத்தால் பிசுபிசுப்பு நீண்ட நாள் நிற்கும். சொல்யூஷன் டியூபை நம்ப வேண்டாம். ஒரு தடவை திறந்தால் அடுத்த முறைக்குள் அது காய்ந்துவிடும், திறக்காமலே கூட உள்ளிருக்கும் திரவம் மெல்ல ஆவியாகும். வருடத்துக்கு ஒருமுறை டியூபை அமுக்கிப் பார்த்து, கல்லாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு புதிதாக ஒன்று வைக்கவும். சொல்யூஷன் இல்லாவிட்டாலும் நல்ல திரி பிடிக்கும். சொல்யூஷன் இருந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், அதுதான் அதன் முதல் பயன்.

அடைக்கும் முறை

அட்டையில் படம் போட்டு நாலு வரியில் முடித்திருப்பார்கள். அந்த நாலு வரியில் விட்டுப்போனதுதான் தகராறு செய்யும்.

ஆணி தெரிந்தவுடன் பிடுங்காதீர்கள். ஆணி உள்ளே இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். முதலில் பைக்கை மட்டமான, கெட்டியான இடத்தில் நிறுத்தி, திரி, ஊசி, பம்ப் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பிடுங்கலாம். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் சக்கரத்தைக் கையால் சுற்றி ஆணியை வசதியான இடத்துக்குக் கொண்டு வரலாம். இல்லாவிட்டால் பைக்கைத் தள்ளி, ஆணி பின்பக்கம் நோக்கி வந்ததும் கியரில் போட்டு சைடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜினை ஓடவிட்டு கியரில் சக்கரத்தைச் சுற்றவைத்து ஓட்டையைத் தேடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே விரல் போவது அப்படித்தான். வேண்டவே வேண்டாம்.

ஆணியோ கம்பியோ தெரியவில்லை என்றால் சோப்புத் தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் எச்சில். குமிழ் வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டயரில் தேடும் முன் வால்வைப் பாருங்கள். வால்வு மூடியைக் கழற்றி வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்தால், பின் கசிகிறதா என்று உடனே தெரியும். கசிந்தால் சாவியால் பின்னைக் கால் சுற்று இறுக்கினாலே போதும். பஞ்சரே இல்லாத பஞ்சர் இது, பல பேர் திரியைக் கையில் எடுத்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆணியை இழுக்கும்போது அது எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று கவனியுங்கள். அரமும் ஊசியும் அதே சாய்வில் போக வேண்டும். நேராகக் குத்தினால் டயருக்குள் புதிதாக ஒரு வழி உண்டாகும், பழைய வழியில் காற்று கசிந்துகொண்டே இருக்கும். திருகாணி என்றால் கட்டிங் பிளையரால் பிடித்து இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்றுங்கள், வெடுக்கென்று பிடுங்கினால் மரை ரப்பரைக் கிழித்துக்கொண்டு வரும்.

அடுத்தது அரம். ஆணி பிடுங்கிய கையோடு, டயரில் மிச்சக் காற்று இருக்கும்போதே உள்ளே விடுவது நல்லது. சுத்தமாக இறங்கிய டயர் அழுத்த அழுத்த உள்வாங்கிக்கொண்டே போகும், அரம் இறங்காது. அந்த நிலைமையானால் முதலில் பம்பை மாட்டிக் கொஞ்சம் காற்று ஏற்றிக்கொண்டே குத்துங்கள். அரத்தில் சொல்யூஷன் தடவி, வலப்பக்கமாக முறுக்கியபடி நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் போதும். ஓட்டையின் உட்சுவரைச் சொரசொரப்பாக்கவும், கம்பி அடுக்கின் கூர்முனைகளை மழுக்கவும்தான் அரம். ஆர்வக்கோளாறில் இருபது முறை இழுத்தால் 3 மி.மீ. ஓட்டை 6 மி.மீ. ஆகிவிடும்.

திரியின் நடுப்பகுதியை ஊசிக் கண்ணில் கோத்து, சொல்யூஷன் பூசி, இரண்டு வால்களும் வெளியே ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்வரை தள்ளுங்கள். முழுக்க உள்ளே போய்விட்டால் திரி டயருக்குள் உருண்டுகொண்டு கிடக்கும். பிறகு ஊசியை முறுக்காமல், நேராக, ஒரே வெட்டு இழுப்பில் உருவ வேண்டும். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வரும். வெளியே நிற்கும் வாலைப் பட்டனுக்கு (ரோட்டைத் தொடும் டயர் மேற்பகுதி) மேல் 3 மி.மீ. விட்டு அறுங்கள். அறுக்கும்போது வாலை இழுத்துப் பிடிக்கக் கூடாது, பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வழுக்கி அறுக்கும். காற்று ஏற்றி, எச்சில் வைத்து, குமிழ் இல்லை என்று பார்த்த பிறகு கிளம்பலாம். குமிழ் வந்தால் பக்கத்திலேயே இரண்டாவது திரி. இரண்டுக்கும் நிற்கவில்லை என்றால் அந்தக் கிழிசல் இந்தக் கிட்டின் வேலை இல்லை.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன்: ஓட்டை பட்டன் பகுதியில் இருக்க வேண்டும், 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. டயரின் தோள்பட்டையிலோ (பட்டனின் ஓரம்) சைடுவாலிலோ (பக்கச்சுவர்) இருந்தால் திரி போடாதீர்கள். அந்த இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்கிறது, திரி தானாகக் கழன்று வந்துவிடும். பட்டன் பகுதியிலும் இது தற்காலிக அடைப்புதான். வேகத்தைக் குறைத்து ஓட்டி, ஐந்தாறு கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி காற்றைப் பாருங்கள். பிறகு டயரைக் கழற்றி உள்பக்கம் குடையும் தண்டும் சேர்ந்த பேட்ச் வைத்தால்தான் முழு வேலை. கழற்றும்போது டயருக்குள் கருப்பு ரப்பர் தூளோ, சைடுவாலின் உட்பக்கத்தில் வட்டமாகத் தேய்ந்த கோடோ தெரிந்தால், காற்றில்லாமல் ஓட்டியதில் டயர் உள்ளே வெந்துவிட்டது என்று பொருள். வெளியே பட்டன் புதிதாக இருந்தாலும் அந்த டயர் குப்பைக்குத்தான்.

சில பைகளில் திரிக்குப் பதில் காளான் வடிவ ரப்பர் பிளக்கும் அதை உள்ளே தள்ளும் துப்பாக்கியும் இருக்கும். பார்க்க அழகு, வேலையும் சுத்தம். ஆனால் இரும்புக் கம்பி பெல்ட் போட்ட ரேடியல் டயரில் அந்தக் கம்பி முனைகள் பிளக்கின் தண்டை அறுத்துவிடும். ரேடியலுக்கு நார்த் திரியே மேல். ஸ்ப்ரே கேன் கொடுத்தால் கடைசி ஆயுதமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாய்ச்சிய பசை வால்வு பின்னை அடைக்கும், சிறு ஓட்டையைத்தான் மூடும், பிறகு பேட்ச் வைக்கிறவர் அதை வழித்தெடுத்த பின்தான் வேலையைத் தொடங்க முடியும்.

பம்ப்: கணக்குப் போட்டால்தான் புரியும்

140/70-17 அளவுப் பின் டயரின் உள்ளே சுமார் 15 லிட்டர் இடம் இருக்கிறது. 30 பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய 2 பார். ஆக, வெளிக்காற்றில் 30 லிட்டரை உள்ளே அமுக்க வேண்டும். கிட்டில் வரும் சின்ன பம்ப் இதை நாலைந்து நிமிடத்தில் முடிக்கும். குறை சொல்லும் வேகமில்லை. சைக்கிள் மினி பம்பில் ஒரு தடவைக்கு 100 மில்லி காற்று என்று வைத்தால் அதே வேலைக்கு 300 அடி அடிக்க வேண்டும், கசிவையும் சேர்த்தால் இன்னும் மேலே.

இப்போது கரண்ட். இந்த வகைப் பம்ப் 8 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். பைக்கில் கம்பெனியே வைத்துக் கொடுத்த சாக்கெட்டுகளின் ஃபியூஸ் சிலவற்றில் 2 ஆம்பியர், சிலவற்றில் 5, அபூர்வமாக 10. லைட்டர் பின்னை அதில் சொருகி பம்பை ஆன் செய்தால் ஃபியூஸ் போவது பம்பின் குற்றமில்லை. கேன்பஸ் (எலக்ட்ரானிக் பெட்டியே கரண்டைக் கட்டுப்படுத்தும்) வயரிங் உள்ள பைக்கில் ஃபியூஸ் போகாது, கட்டுப்பாட்டுப் பெட்டி சத்தமில்லாமல் சாக்கெட்டை அணைத்துவிடும். இரண்டிலும் பம்ப் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. யு.எஸ்.பி. சார்ஜரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே லைட்டர் பின்னை மறந்துவிட்டு பேட்டரியில் நேரடியாக எடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு 10 ஆம்பியர் என்றால் 0.83 ஆம்பியர்-மணி. 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது பத்தில் ஒரு பங்கு, தாங்கும். சின்ன பைக்கின் 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஐந்தில் ஒன்றுக்கும் மேல், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். பாதி செத்த பேட்டரியில் பம்ப் ஓடும், அதன் பிறகு செல்ஃப் 'டக்' என்று மட்டும் சொல்லும். கிக்கர் உள்ள பைக் என்றால் பிழைத்தீர்கள். என்ஜினை ஓடவிட்டுப் பம்பை இயக்குவதே முறை, ஆனால் ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடும்போது) ஆல்டர்னேட்டர், அதாவது பைக்கின் மின்னாக்கி, கொடுப்பது அதன் முழு அளவில் ஒரு பகுதிதான். நியூட்ரலில், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, ஐடிலுக்கு மேலே பிடித்தால் பேட்டரிக்குப் பாரம் குறையும். ஹெட்லைட்டுக்குத் தனி ஸ்விட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட வேண்டாம், புகை ஆளைச் சாய்க்கும்.

வயரில் கம்பெனிக்காரர்கள் செய்யும் கஞ்சத்தனம் இந்தக் கிட்டின் பெரிய குறை. வெளித்தோல் தடிமனாக இருக்கும், உள்ளே செம்பு நூலளவு. 3 மீட்டர் வயர் என்றால் போக வர 6 மீட்டர். 0.75 சதுர மி.மீ. செம்பில் 10 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் வயரிலேயே போய்விடும். 1.5 சதுர மி.மீ. என்றால் 0.7 வோல்ட். முதல் வயரில் பம்ப் மூச்சு வாங்கும், வயரைத் தொட்டால் சுடும். இரண்டாவதில் அதே பம்ப் தெளிவாக ஓடும். ஆகவே பம்போடு வந்த நீள வயரை வெட்டிவிட்டு 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் ஒன்றரை மீட்டர் போதும் என்று மாற்றிக்கொள்வதே இந்தக் கிட்டுக்குச் செய்யக்கூடிய முதல் உபகாரம்.

முதலைக் கிளிப்பும் அப்படித்தான். பைக் பேட்டரி முனைகள் சீட்டுக்கு அடியில் இடுக்கில் இருக்கும். கிளிப் நழுவி ஃபிரேமில் பட்டால் பொறி பறக்கும். பேட்டரியில் நிரந்தரமாக ஒரு குட்டி வயர் போட்டு எஸ்.ஏ.இ. கனெக்டரை (இரட்டை முனைச் சொருகி) வெளியே விடுங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வரவேண்டும், அப்போதுதான் வயர் உரசி ஷார்ட் ஆனாலும் தீப்பிடிக்காது. பம்ப் 8 ஆம்பியர் இழுத்தால் 10 ஆம்பியர் ஃபியூஸ், 11 இழுத்தால் 15. அதற்கு மேல் வேண்டாம். பேட்டரிப் பக்கக் கனெக்டரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின் நெகட்டிவ், ரப்பருக்குள் மறைந்திருப்பது பாசிட்டிவ். மாற்றிப் போட்டால் நீட்டிய பின் ஃபிரேமில் பட்ட நொடியே ஃபியூஸ் போகும். வேலை செய்யும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள்.

பம்பின் மீதிக் குணங்கள்: காற்றுக் கணக்கு காட்டும் டயல் ஓடும்போது கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் அது அளப்பது குழாயின் அழுத்தத்தை. நிறுத்திவிட்டுப் படியுங்கள். நம்பகமான தனி கேஜ் ஒன்றோடு ஒருமுறை ஒத்துப்பார்த்து, எத்தனை பி.எஸ்.ஐ. வித்தியாசம் என்று பம்பின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டால் தலைவலி தீர்ந்தது. சிலிண்டர் சூடேறினால் பம்ப் மெலியும். ஓட்டும் நேரமும் ஓய்வு நேரமும் என்று பெட்டியில் போட்டிருப்பதை மதியுங்கள், இரண்டு டயருக்கும் தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் ரிங் போகும். வால்வில் மாட்டும் தலை திருகு மரையாக இருந்தால் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் கழற்றும் ஒன்றிரண்டு நொடியில் கொஞ்சம் காற்று போகும். 2 பி.எஸ்.ஐ. கூடுதலாக அடித்துக்கொள்ளுங்கள். பிரேக் டிஸ்க் பெரிதாக இருந்து வால்வு நேராக நின்றால் இந்தத் தலை உள்ளேயே நுழையாது. 90 பாகை வளைந்த ஒரு பித்தளை நீட்டி வைத்துக்கொள்வதுதான் வழி. அதை ஓட்டும்போது வால்விலேயே விட்டுவிடாதீர்கள், சக்கரம் சுற்றும் வேகத்தில் அதன் எடை வால்வு ரப்பரை வளைத்து முறித்துவிடும்.

டயரின் ஓரம் ரிம்மிலிருந்து இறங்கிவிட்டால் இந்தப் பம்பால் அதை ஏற்ற முடியாது. அடிக்கிற காற்று அத்தனையும் ஓரத்தில் தப்பிவிடும். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு, பட்டனைச் சுற்றி லக்கேஜ் ஸ்ட்ராப்பை இறுக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் பூசி முயன்றால் சிலசமயம் உட்காரும். காற்றில்லாத டயரில் தூரம் ஓட்டியவர்களுக்குத்தான் இந்த வம்பு வரும்.

மாற்று என்றால் இரண்டு. 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று, மேலே சொன்ன 15 லிட்டர் டயரில் 8 அல்லது 9 பி.எஸ்.ஐ. ஏற்றும். ஆக குறைந்தது மூன்று சிலிண்டராவது இருக்க வேண்டும், கசிவு மிச்சமிருந்தால் அதுவும் வீண். சிலிண்டர் பனியாக உறையும், வெறுங்கையால் பிடித்தால் தோல் போகும். அந்த வாயு ரப்பரில் காற்றைவிட வேகமாகக் கசிவதால் வீடு சேர்ந்ததும் சாதாரண காற்றை மாற்றி அடியுங்கள். இன்னொன்று, உள்ளேயே லித்தியம் செல் வைத்த பம்ப். பேட்டரி பலவீனமான சின்ன பைக்குக்கு இதுதான் எங்கள் சிபாரிசு. ஆனால் பெட்டியில் பெரிதாகப் போட்ட மில்லி ஆம்பியர்-மணியைப் பார்க்காதீர்கள், வாட்-மணியைப் பாருங்கள். 2000 அளவு செல் மூன்றைச் சேர்த்து 6000 என்று அச்சடிப்பார்கள், உள்ளே இருப்பது சுமார் 22 வாட்-மணிதான். வெயிலில் நிற்கும் பைக்கின் சீட்டுக்கு அடியில் வைத்தால் செல் சீக்கிரம் சாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடாவிட்டால் தேவைப்படும் நாளில் திரை கூட எரியாது.

மீட்டர்

பையைத் திறந்ததும் எல்லாரும் ஒதுக்கிவிடுகிற இந்தக் குட்டிச் சாமான்தான் கிட்டின் விலையை நியாயப்படுத்துகிறது. பெரிய நுட்பம் எதிர்பார்க்க வேண்டாம், டி.சி. வோல்ட்டும் ஓம்ஸும் (மின்தடை) ஒழுங்காகக் காட்டினால் போதும். வாங்கியதும் புது அல்கலைன் பென்சில் செல் ஒன்றை அளந்து பாருங்கள். 1.5 முதல் 1.6 வரை காட்ட வேண்டும். மீட்டருக்குள் இருக்கும் செல் இறங்கிவிட்டால் மலிவு மீட்டர் கூடுதலாகக் காட்டும், செத்த பேட்டரியை நல்லது என்று சொல்லும்.

வண்டி நின்று சில மணி நேரமான பிறகு பேட்டரி முனைகளில் 12.6 முதல் 12.8 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12.0 என்றால் பம்பை அதில் மாட்டாதீர்கள். இது லெட்-ஆசிட் பேட்டரிக்கு. லித்தியம் பேட்டரி 13.2க்கு மேல் நிற்கும், அதன் கணக்கு வேறு. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு மிகவும் கீழே விழுந்தால் பேட்டரி உள்ளே போய்விட்டது, நின்றபோது 12.6 காட்டினாலும் சரி. என்ஜினை 4000 அல்லது 5000 ஆர்.பி.எம்.மில் பிடித்து, ஹெட்லைட் எரிய அளந்தால் 13.5 முதல் 14.5 வர வேண்டும். 12.5க்கு மேல் ஏறவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை, 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் (வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டி) போச்சு, பல்பும் பேட்டரியும் வரிசையாகச் சாகும்.

சார்ஜ் ஆகவில்லை என்றதும் ரெகுலேட்டரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். முதலில் அதன் கனெக்டரைப் பிரித்து உள்ளே பாருங்கள். பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகியிருந்தால் கோளாறு அங்கேதான். பின் தளர்ந்தால் அந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் பின் இன்னும் தளரும். கனெக்டர் சுத்தம் என்றால் ஸ்டேட்டர் (ஆல்டர்னேட்டரின் காயில்) பக்கத்து மூன்று வயர்களை (பெரும்பாலும் ஒரே நிறம்) கழற்றி, ஏ.சி. வோல்ட்டில் இரண்டிரண்டாக அளங்கள். என்ஜினை ஏற்ற ஏற்ற மூன்று ஜோடியும் ஒரே அளவில் ஏற வேண்டும். ஒரு ஜோடி குறைந்தால் காயில் எரிந்திருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு வயருக்கும் என்ஜின் பாடிக்கும் ஓம்ஸ் பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது, இருந்தால் எர்த் ஆகிவிட்டது. இவ்வளவும் சரி என்ற பிறகுதான் ரெகுலேட்டர் மேல் சந்தேகம் போக வேண்டும்.

ஃபியூஸைப் பிடுங்காமலே பார்க்கலாம். சாவியை ஆன் செய்து, கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் 12 என்றால் நல்லது, ஒன்றில் மட்டும் என்றால் போய்விட்டது. அந்த ஃபியூஸில் அந்த நேரம் கரண்ட் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மாற்றும்போது அதே ஆம்பியர்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. புதிதும் உடனே போனால் எங்கேயோ வயர் உரசுகிறது. ஹேண்டிலைத் திருப்பும்போது போனால் ஹேண்டிலின் அடிப்பகுதி அருகே, குழியில் இறங்கும்போது போனால் சீட்டுக்கு அடியிலோ பின் மட்கார்டிலோ தேடுங்கள். வெள்ளித்தாளைச் சுற்றி ஃபியூஸுக்குப் பதில் வைப்பது, வயரையே ஃபியூஸாக்கும் வேலை.

அதிகம் பேசப்படாத ஒரு சோதனை, எர்த்: பேட்டரி நெகட்டிவை என்ஜின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறு முனையை என்ஜின் பாடியின் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்துங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றி, எமரி போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். செல்ஃப் மந்தம், ஹெட்லைட் மினுக்கல், ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் மங்குவது என்று வேறு வேறு நோயாகத் தெரிகிறவை பலசமயம் இந்த ஒரு போல்ட்டில் முடிந்துவிடும்.

இரண்டு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்குகிறது என்றால் மீட்டரை ஆம்பியருக்கு மாற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில் தொடங்கி, அளவு சின்னது என்று தெரிந்த பின் மில்லி ஆம்பியருக்கு மாறுங்கள். சில மில்லி ஆம்பியர் சகஜம். 50, 100 என்று வந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், எதை உருவும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் ஒழுக்கு. பின்னால் மாட்டிய ஜி.பி.எஸ்., அலாரம் இவைதான் வழக்கமான ஆட்கள். இந்தச் சோதனையின்போது சாவியை ஆன் செய்தாலோ செல்ஃபைத் தொட்டாலோ மீட்டரின் ஃபியூஸ் போகும். மலிவு மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் பெரும்பாலும் ஃபியூஸே இருக்காது, போவது மீட்டராகவே இருக்கும். அளந்து முடித்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டு பேட்டரியின் இரு முனையையும் தொட்டால் நேரடி ஷார்ட்.

மீட்டரின் குறை அதன் வயர்கள். முனைக்குள் வயர் ஒட்டியிருக்கும் இடத்தில் வளைந்து வளைந்து அறுந்துவிடும், வெளியே தெரியாது. ஓம்ஸில் வைத்து இரண்டு முனையையும் சேர்த்து, வயரை ஆட்டிப் பாருங்கள். எண் குதித்தால் வயரை மாற்றுங்கள். இதைக் கொண்டு வீட்டு மின்சாரத்தை அளக்க வேண்டாம், அந்த அளவுக்கு இதன் உள்வேலை பாதுகாப்பில்லை.

பையில் இல்லாத, ஆனால் சேர்க்க வேண்டியவை: உங்கள் பைக்கில் இருக்கும் ஒவ்வொரு ஆம்பியரிலும் இரண்டு ஃபியூஸ், இரண்டு வால்வு பின், கட்டிங் பிளையர், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, ரப்பர் கையுறை. தலையில் மாட்டும் டார்ச் இல்லாமல் இரவில் கிளம்பாதீர்கள், ஊசிக் கண்ணில் திரி கோப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். கட்டும்போது அரத்தின் கூர்முனையில் பழைய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் சொருகுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் அது முதலில் துளைப்பது பம்பின் காற்றுக் குழாயைத்தான்.